எத்தனை கிலோ மிச்சம்?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லித்தருகிறேன். போன மாதம் அரிசி ஆலைக்காரர்கள், நெல் வியாபாரிகள் முன்னால் சேஜ்மேத் என்ற கணித மென்பொருளைக் காட்டினேன். அணி, சமன்பாடு, முப்பரிமாண வரைபடம் என்று போய்க்கொண்டிருந்தபோது ஓர் ஆலைக்காரர், "இதுல எனக்கு எத்தனை கிலோ மிச்சம் சார்?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ராமானுஜன் வளர்ந்த மண்ணில் கணிதத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா?

ஒரு கணித ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

ராமானுஜனை ஏன் இழுக்கிறீர்கள்? 1913இல் அவர் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசான் ஹார்டிக்கு எழுதிய கடிதம் முழுக்க முடிவுகள்தான். நிரூபணம் எங்கே என்று ஹார்டிதான் திருப்பிக் கேட்டார். உங்கள் ஆலைக்காரர் ராமானுஜன் கட்சி.

நானும் தஞ்சாவூரில் ஒருமுறை சூடுபட்டவன். அரைமணி நேரம் அணிகளைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு பெரியவர், "மேட்டூர் 120 அடி நின்னா எத்தனை நாளைக்கு வரும் தம்பி?" என்றார். விழித்தேன். வீட்டுக்கு வந்து கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இருப்பு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் நாளுக்கு 0.864 டி.எம்.சி. வரத்தே இல்லாமல் கடைசிச் சொட்டுவரை திறந்தாலும் 108 நாள். அவ்வளவுதான் கணக்கு.

உங்களுக்கு நெல். கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நெல் 10 டன்னை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எவ்வளவு குறையும்? சட்டென்று 300 கிலோ என்று சொல்லத் தோன்றும். குறைவது 349. தண்ணீர் போக நிற்கும் 8,300 கிலோ மாறாது. காய்ந்த பிறகு அதுதான் மொத்தத்தில் 86 சதவீதம். வகுத்தால் 9,651 கிலோ. நழுவிய அந்த 49 கிலோவில் பேச்சைத் தொடங்கியிருக்கலாம்.

ஆனால் இதற்கு சேஜ்மேத் எதற்கு, கால்குலேட்டர் போதும். அதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை சொல்லிவிடுவார். அப்புறம் அவருக்கும் கைக்கு அடங்காததை எடுங்கள். ஏழு லாரி நிற்கிறது, ஒவ்வொன்றிலும் ஈரம் வேறு, விலை வேறு. உலர்த்தி நாளைக்கு இத்தனை டன்தான் தாங்கும். வானம் வேறு கறுத்திருக்கிறது. எதில் எவ்வளவு இறக்குவது? அங்கேதான் மென்பொருளுக்கு வேலை. இந்த மாதிரிக் கணக்குக்கு 1947இல் டான்ட்சிக் என்ற கணிதவியலாளர் கண்ட வழி, சிம்ப்ளெக்ஸ் முறை என்பதெல்லாம் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ஈரப்பத எண்ணை அந்த ஆலைக்காரரையே தட்டச்சொல்லுங்கள். தன் லாரியின் எண்ணைத்தான் போடுவார். முப்பரிமாண வரைபடம் அழகுதான், சரி, அதை மாணவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.