ஓவியச் சந்தையின் விலைகள்: நெல்லை வட்டாரத்தார் கேட்டவையும் பதில்களும்

சென்னையிலும் மும்பையிலும் கலைக்கூடங்களின் விற்பனைப் பதிவேடுகளைக் கவனிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். சமகாலக் கலைப்பொருள்களின் விலையைப் பற்றி நம் பகுதி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: ஐயா, சுவரில் ஒட்டிய ஒரு வாழைப்பழம் ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் விலை போனது உண்மையா? அழுகிப்போகும் பழத்தை வாங்கியவர் எதைத்தான் வைத்துக்கொள்வார்?

உண்மைதான் அம்மா. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கத்தெலான் 2019 டிசம்பரில் மயாமியில் நடந்த கலைச் சந்தையில் வைத்த அந்தப் படைப்பின் பெயர் ‘காமெடியன்’. அப்போதே அது 1,20,000 டாலருக்கு விற்றது. அதன் மூன்று பிரதிகளில் ஒன்று 2024 நவம்பரில் நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்து, கட்டணமும் சேர்ந்து 62 லட்சம் டாலருக்கு, அதாவது ஏறத்தாழ 52 கோடி ரூபாய்க்குப் போயிற்று. வாங்கியவருக்குச் சொந்தமாவது அசல் என்று சான்றளிக்கும் ஒரு தாளும், பழத்தை எந்த உயரத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்னும் குறிப்பும்தான். கிரிப்டோ நாணயத் தொழிலதிபரான அவர், ஹாங்காங்கில் செய்தியாளர்களைக் கூட்டி அந்தப் பழத்தை உரித்துத் தின்றார்; சொத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

கோயில் விழாக்களில் சாமியின் வேலில் குத்திய எலுமிச்சம்பழம் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் போவதை நாம் அறிவோம். அங்கேயும் பழத்துக்கு விலை இல்லை. நம்பிக்கைக்கும், ஊரார் முன்னிலையில் ஏலம் எடுத்தவர் என்ற பெயருக்குமே விலை. ஆனால் அந்தப் பணம் கோயிலுக்குச் சேருகிறது. அடுத்த ஆண்டு இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்று எவரும் எலுமிச்சையை வாங்குவதில்லை. கலைச் சந்தையில் இந்த இரண்டு கட்டுப்பாடுகளும் இல்லை என்பதுதான் என் மனக்குறை. கத்தெலான் பழத்தை ஒட்டியதில் எனக்கு வருத்தமே கிடையாது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, விலை என்றால் அடக்கவிலை, லாபம் என்று ஒரு கணக்கு இருக்க வேண்டுமல்லவா? இங்கே அந்தக் கணக்கைப் போடுபவர் யார்?

அடக்கவிலைக்கு இங்கே இடமே இல்லை. முதல் விற்பனை கலைக்கூடத்தில் நடக்கிறது. பெரிய கலைக்கூடங்கள் பணத்தோடு வருபவர் எல்லாருக்கும் விற்பதில்லை. எந்தச் சேகரிப்பில், எந்த அருங்காட்சியகத்தில் படைப்பு போய்ச் சேர்ந்தால் கலைஞரின் பெயர் உயரும் என்று பார்த்து, மற்றவர்களைக் காத்திருக்க வைக்கின்றன. கேட்ட விலையை வெளிப்படையாகக் குறைக்கவும் மாட்டா. ஒருமுறை குறைத்தால் முன்பு வாங்கிய அத்தனை பேருடைய கையிருப்பும் மதிப்பிழக்கும். இவ்வாறு திட்டமிட்டு உண்டாக்கிய தட்டுப்பாடு ஏல மேடைக்கு வரும்போதுதான், செய்தித்தாளில் நாம் படித்து வியக்கும் தொகைகள் பிறக்கின்றன.

ஏலத்தில் விலை ஏறுவதற்கு இரண்டே இரண்டு பேர் போதும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் அந்தப் படம் பிடிக்க வேண்டியதில்லை. மேலும், ஏலத்துக்கு முன்பே ஒருவர், இன்ன தொகைக்குக் குறையாமல் தாமே எடுத்துக்கொள்வதாக ஏல நிறுவனத்துக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கக்கூடும். வேறொருவர் மேலே கேட்டு வாங்கினால், கூடுதல் தொகையில் அவருக்கு ஒரு பங்கு கிடைக்கும் வகையில் ஒப்பந்தம் இருக்கும். அவரே ஏலத்திலும் கேட்கலாம். ஏலப் பட்டியலில் ஒரு சிறு குறியீடு மட்டுமே இதைக் காட்டும். நகை ஏலம் பார்த்த வங்கிக்காரரான உங்களுக்கு இந்த ஏற்பாட்டின் தன்மையை நான் விளக்க வேண்டியதில்லை.

1986-இல் அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் செய்த எஃகு முயல் ஒன்று, 2019 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9.1 கோடி டாலருக்குப் போனது. இதையும் சேர்த்து அதே முயலுக்கு மூன்று பிரதிகளும், கலைஞருக்கென வைத்துக்கொண்ட இன்னொன்றும் உண்டு. ஒன்று இந்த விலைக்குப் போனதும் மற்றவற்றின் உரிமையாளர்களுடைய சொத்தும் காகிதத்தில் உயர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு கலைஞரின் படைப்புகளைக் குவித்து வைத்திருப்பவர், அவருடைய வேறொரு படைப்பு ஏலத்துக்கு வரும்போது விலை விழாமல் பார்த்துக்கொள்ளத் தாமே கையை உயர்த்துவதில் வியப்பில்லை. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. அன்றும் மறுநாளும் லண்டனில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் தம் புதிய படைப்புகளைக் கலைக்கூடத்தின் வழி விற்காமல் நேரடியாக ஏலத்தில் விட்டு 11 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டினார். அடுத்து வந்த ஆண்டுகளில் அவருடைய ஏல விலைகள் வெகுவாகச் சரிந்தன. படைப்புகள் அதேதான், கையை உயர்த்தியவர்கள் இறக்கிக்கொண்டார்கள்.

ஓவிய ஆசிரியர், சங்கரன்கோவில்: இந்தப் பணத்தில் வரைந்தவருக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

மறுவிற்பனையில் பெரும்பாலும் ஒன்றும் சேராது என்பதை வேதனையோடுதான் எழுதுகிறேன். அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் 1958-இல் 900 டாலருக்கு விற்ற ஓவியம், 1973-இல் 85,000 டாலருக்கு ஏலம் போனது. முழுத்தொகையும் விற்ற சேகரிப்பாளருக்கே சென்றது. ஓவியர் ஏல அரங்கிலேயே அவரோடு சண்டையிட்டார். எம்.எஃப். ஹுசேன் 1954-இல் வரைந்த ‘கிராம யாத்திரை’ 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 1.38 கோடி டாலருக்கு, அதாவது 118 கோடி ரூபாய் அளவுக்கு விற்றபோது, அவர் மறைந்து ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53அ என்றொரு பிரிவு உண்டு. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசல் ஓவியத்தின் விலையில், கலைஞரோ அவருடைய வாரிசுகளோ பத்து விழுக்காட்டுக்கு மிகாத ஒரு பங்கைக் கோரலாம் என்று அது சொல்கிறது. கோரிப் பெறும் வழக்கம்தான் இங்கே வேரூன்றவில்லை. உங்கள் மாணவர்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்பிக்கும்போதே இந்தப் பிரிவையும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-இல் மறைந்த சி. கொண்டைய ராஜு வரைந்த தெய்வப் படங்கள், நாட்காட்டிகளாக அச்சாகித் தமிழ்நாட்டின் எண்ணற்ற வீடுகளில் தொங்கின. மக்கள் அவற்றுக்குப் பூச்சூட்டி விளக்கேற்றினார்கள். இத்தனை கண்கள் பார்த்த ஓவியர்கள் உலகிலேயே சிலர்தான் இருப்பார்கள். ஆனாலும் சந்தை தேடுவது எல்லாரிடமும் இருப்பதை அல்ல, வேறொருவரிடம் இல்லாததை. அதனால் அவர் பெயரைக் கோடிகளோடு சேர்த்து எவரும் பேசுவதில்லை. அவருடைய பெருமையை இதனால் குறைத்து மதிப்பிடும் ஒருவரை நான் கலை அறிந்தவராக ஏற்க மாட்டேன்.

வணிகர், திருநெல்வேலி நகரம்: இதெல்லாம் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கத்தானே?

எல்லாமே அப்படி என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் இதுதான் சரியான விலை என்று எவராலும் அறுதியிட முடியாத பொருளும், வாங்குபவர் பெயரை மறைக்கும் பழக்கமும் சேர்ந்த இடத்தில் அதற்கு வழி இருக்கிறது. 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியம், 10,000 யூரோவும் அதற்கு மேலும் பெறும் கலைப்பொருள் விற்பனையில் வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கியது. கைமாறிய வரலாற்றைக் கேட்காமல் வாங்குவதன் விளைவு நம் மாவட்டத்துக்குத் தெரியும்: கல்லிடைக்குறிச்சிக் கோயிலில் 1982-இல் திருடுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடம் வரை போய்விட்டு 2019-இல்தான் திரும்பினார்.

மென்பொருள் பணியாளர், தென்காசி: சேமிப்பை ஓவியத்தில் போடலாமா, அண்ணாச்சி?

வேண்டாம், தம்பி. பொருளியலறிஞர் வில்லியம் பௌமல் பல நூற்றாண்டு ஏல விலைகளை ஆராய்ந்து 1986-இல் கண்டது, பணவீக்கம் போக ஆண்டுக்கு அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வருவாய்தான். ஏல நிறுவனத்தின் கட்டணமோ விலையில் கால் பங்கு அளவுக்கும் போகும். பிடித்த ஓவியத்தைப் பார்த்து மகிழ வாங்குங்கள்.

இல்லத்தரசி, பத்தமடை: வாரக்கணக்கில் நெய்யும் எங்கள் ஊர்ப் பட்டுப்பாய்க்கு ஆயிரங்களில்தான் விலை கிடைக்கிறது. இது அநியாயமில்லையா?

அநியாயம்தான் அம்மா. தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, நூலினும் மெல்லியதாகக் கிழித்து நெய்யும் அந்த உழைப்பைச் சந்தை அளப்பதே இல்லை. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போனது. நெய்தவர் பெயரை எவரும் கேட்கவில்லை. பெயர் தெரிந்தால்தான் சந்தை விலையை ஏற்றும் என்பதால், ஒவ்வொரு நுண்பாயின் ஓரத்திலும் நெய்த பெண்ணின் பெயரையும் ஆண்டையும் நெய்துவிடும் வழக்கத்தை நீங்களே தொடங்கலாம். 2013-இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊருக்குப் பெயர் தந்தது. நெய்பவருக்கு இன்னும் தரவில்லை.

இளம் ஓவியர், மேலப்பாளையம்: என் படங்களுக்கு நான் எப்படி விலை வைப்பது?

திரைச்சீலை, வண்ணம், மரச்சட்டம் ஆகியவற்றின் செலவோடு, உங்கள் உழைப்பு நாள்களுக்கு ஒரு நல்ல கைத்தொழிலாளியின் கூலியைக் கூட்டுங்கள். ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை சொல்லுங்கள். நண்பருக்கென்று பாதியாகக் குறைத்துவிட்டு மற்றவரிடம் முழுவிலை கேட்காதீர்கள். விற்ற ஒவ்வொன்றையும் ஒளிப்படம் எடுத்து, அளவு, நாள், வாங்கியவர் பெயர், தொகை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். ரசீதில், மறுவிற்பனையானால் எனக்குத் தெரிவிக்க வேண்டும், 53அ பிரிவின்படியான என் பங்கு எனக்கு உரியது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படியை வைத்துக்கொள்ளுங்கள்.