எழுத்தில் இல்லாத உத்தரவு

அன்புள்ள அம்மா,

அரசு நிறுவனம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் எங்கள் நிறுவனத்தில் நடந்த ஒரு கொள்முதல் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி வந்தது. "அது தன்னாட்சி பெற்ற நிறுவனம், அதன் அன்றாட வேலைகளில் அரசு தலையிடுவதில்லை" என்றார் அமைச்சர். அதே கொள்முதலுக்காக அவருடைய அலுவலகத்திலிருந்து எங்கள் பிரிவுக்கு மூன்று முறை போன் வந்தது. அதில் ஒன்றை எடுத்ததே நான்தான். ரயில் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்று பள்ளியில் படித்தோம். பொது நிறுவனம் செய்யும் தவறுக்கு அமைச்சர் பதவி விலகத்தான் வேண்டுமா? இன்று ஏன் யாரும் அப்படிச் செய்வதில்லை? பேசாமல் எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்துவிட்டால் என்ன? எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நம்மால் என்னதான் செய்ய முடியும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன், கவலை வேண்டாம். இரண்டு வாரமாக அப்பாவின் பழைய டைரிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நடுவில்தான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சாஸ்திரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து 140 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்குப் பிறகு சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். பெரிய மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரயில்வே அரசின் நேரடித் துறை. நீங்கள் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட இடம் அல்ல. அமைச்சருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு தலைவர், ஒரு இயக்குநர் குழு, விதிகள் எல்லாம் இருக்கின்றன. அமைச்சர் ஒளிந்துகொள்வதும் அந்த நடுவில்தான். தனியார் பற்றிய கேள்வியை இப்போது விடுங்கள், அது வேறு சண்டை.

உங்கள் கேள்விக்குப் பொருத்தமான கதை அரியலூருக்கு அடுத்த ஆண்டு நடந்தது. 245 காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி, 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. தொடங்கியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற ஒரே ஆளின் ஆறு கம்பெனிகளில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாயைப் பங்குகளாகப் போட்டார்கள். எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கேட்கவே இல்லை. பாலிசி எடுத்தவர்கள் மாதாமாதம் கட்டிய காசு அது. டிசம்பரில் பெரோஸ் காந்தி இதை மக்களவையில் போட்டு உடைத்தார். காங்கிரஸ் உறுப்பினர், பிரதமரின் மருமகன். விசாரணைக்கு வந்தவர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. மூடிய அறையில் அல்ல, பொதுமக்கள் முன்னால் விசாரித்தார்.

அங்கே நடந்ததைக் கவனியுங்கள். அமைச்சருக்குத் தெரிந்துதான் நடந்தது என்றார் நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல். நான் ஒப்புதல் தரவில்லை என்றார் நிதியமைச்சர், நம் சென்னைக்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. யார் சொல்வது உண்மை என்று காட்ட அமைச்சர் கையெழுத்திட்ட ஒரு காகிதம் இல்லை. செயலாளரின் முதுகுக்குப் பின்னால் அமைச்சர் மறைய முடியாது, அரசியல் சட்டப்படி பொறுப்பு அவருடையது என்று சாக்ளா எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். இதில் உங்கள் பங்கு மிகச் சிறியது என்று அவருக்கு எழுதித்தான் நேரு அதை ஏற்றார். 1962-ல் அவர் மறுபடி அமைச்சரானார். ராஜினாமாவை நான் பெரிதாக நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் சாக்ளாவின் அறிக்கையில் இன்னொன்று இருக்கிறது. எல்லாரும் ராஜினாமாவைப் பேசிவிட்டு அதை மறந்துவிட்டார்கள். தன்னாட்சி நிறுவனத்தின் வேலையில் அரசு தலையிடக் கூடாது. தலையிடத்தான் வேண்டும் என்றால், அந்தக் கட்டளையை எழுத்தில் கொடுக்கும் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது. இது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததுகூட அல்ல. எல்.ஐ.சி. சட்டத்தின் 21-ஆம் பிரிவே அதைத்தான் சொல்கிறது: பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்தில் தரும் கட்டளைப்படி நிறுவனம் நடக்க வேண்டும்.

எழுத்தில். இந்த ஒரு சொல்லை நான் விடப்போவதில்லை, தம்பி. அமைச்சர் எழுதிக் கொடுத்தால் அது அவருடைய முடிவு, சபையில் அவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது நிறுவனத்தின் முடிவு, தலைவரும் இயக்குநர்களும் பதில் சொல்ல வேண்டும். நடுவில் மூன்றாவது வழி கிடையாது. போன் வந்தவுடன் அந்த மூன்றாவது வழி திறந்துகொள்கிறது. அதிகாரம் போனில் வருகிறது, கேள்வி வரும்போது தன்னாட்சி என்ற பெயரில் கைகழுவிவிடுகிறார்கள். உங்கள் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தில் பதிவானது என்றால் அதன் அமைப்பு விதிகளை எடுத்துப் படியுங்கள், அரசு எப்படிக் கட்டளை தரலாம் என்று அதில் இருக்கும். எட்டு மாதத்தில் ஒருமுறையாவது படித்தீர்களா? வேலைக்குச் சேருவதற்கு எத்தனை மாதிரித் தேர்வு எழுதியிருப்பீர்கள், வேலை பார்க்கும் இடத்தின் விதியைப் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையா?

அப்பா ஒரு அரசு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு சப்ளையர் அனுப்பிய சரக்கு சோதனையில் தேறவில்லை. பில்லை உடனே பாஸ் பண்ணி அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது. அப்பா மறுக்கவில்லை. சண்டை போடுகிற ஆளே இல்லை அவர். குறிப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினார்: "இன்று காலை 11.20 மணிக்குத் தொலைபேசியில் வாய்மொழியாகப் பெறப்பட்ட அறிவுரைப்படி, சரக்கு சோதனையில் தேறாத நிலையில், இப்பட்டியல் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." மேலாளர் கூப்பிட்டு அந்தத் தாளை மட்டும் மாற்றிவிடச் சொன்னாராம். "பக்க எண் போட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்தப் பில் பாஸ் ஆகவே இல்லை. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட மேலே ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இரண்டாவது மாதம் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது வீட்டைக் காலி செய்தோம். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "ஒரு வரியை எழுதாம இருந்திருக்கலாம்ல" என்றாள். அப்பா பதில் சொல்லாமல் டிரங்குப் பெட்டிமேல் சாக்பீஸால் புது ஊரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

அதனால் நீங்கள் பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. தகுதிகாண் பருவமே முடியாத பிள்ளை நீங்கள். வீட்டில் யார் யார் உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கிறார்களோ. ஆனால் அப்பாவுக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசு அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்பேரில் மட்டும் செயல்படக் கூடாது, வாய்மொழியாக வந்ததைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தீர்ப்பு ஒரு இளநிலை உதவியாளரை எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்று உங்கள் சங்கத்தில் விவரம் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். தனியாக எதையும் செய்யாதீர்கள்.

ஒரே குட்டை என்று மட்டும் இனி எழுதாதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பேச்சு அமைச்சருக்குத்தான் சௌகரியம். உங்கள் பிரிவில் மூன்று முறை மணி அடித்திருக்கிறது. சபையில் கேள்வி கேட்ட உறுப்பினரின் கையிலும், நாளைக்கு அந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய வருகிறவர் கையிலும், பொது நிறுவனங்களை ஆராயும் சட்டமன்றக் குழுவின் கையிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் யாராவது மனுப் போட்டாலும், கோப்பில் இல்லாததை எப்படித் தருவார்கள்? சாஸ்திரியே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவரிடம் கேட்க நம்மிடம் ஆதாரம் இல்லை.

அப்பாவின் டைரிகளில் இப்படி நாற்பதுக்கு மேல் அழைப்புகள் இருக்கின்றன. தேதி, மணி, பேசியவரின் பதவி, சொன்ன விஷயம் எல்லாம் ஒவ்வொன்றும் ஒரே வரியில். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நீங்கள் எடுத்த அந்த போன் எத்தனை மணிக்கு வந்தது என்று அதில் இல்லை. நினைவு இருக்கும்போதே இன்று ராத்திரி எங்கேயாவது குறித்து வையுங்கள்.

அன்புடன்,
அம்மா