கேள்வி–பதில்: கல்லூரிக் கட்டணமும் கைக்கு வராத உதவியும்

கேள்வி: மாணவர் நிதியுதவி, கல்லூரிச் சேர்க்கை பற்றி ஆராய்கிறவர்கள் அமெரிக்காவில் ஆண்டுதோறும் கூடுகிறார்களாமே? பணம் கொடுத்தால் பிள்ளைகள் படிக்கப் போகப் போகிறார்கள். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?
– கல்லூரி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஏழை மாணவர்களின் உயர்கல்வி வாய்ப்பை ஆராயும் அமெரிக்க நிறுவனமான பெல் இன்ஸ்டிடியூட் முன்னின்று நடத்திவந்த மாநாட்டைத்தான் கேட்கிறீர்கள். பேராசிரியர்கள், உதவித்தொகை வழங்கும் மாநில அலுவலர்கள், கல்லூரியில் அந்த விண்ணப்பங்களைப் பார்க்கிற ஊழியர்கள் என மூன்று தரப்பும் ஒரே கூடத்தில் உட்காருவதுதான் அதன் பலம்.

ஆராய்வதற்கு நிறைய இருக்கிறது. 2008இல் ஓஹையோ மாநிலத்திலும் வட கரோலினாவின் சார்லட் நகரிலும் ஒரு சோதனை நடந்தது. வருமான வரிக் கணக்குக் கொடுக்க வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் சிலருக்கு, கணக்குப் போட்டவரே சுமார் பத்து நிமிடத்தில் கல்வி உதவிக்கான விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தார். வேறு சிலருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற தகவல் மட்டும் தரப்பட்டது. விண்ணப்பம் நிரப்பப்பட்ட வீடுகளின் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளில் 36 சதவீதம் பேர் அடுத்த மூன்றாண்டுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளை முடித்தார்கள். இந்த உதவி பெறாத வீடுகளில் அது 28. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றமே இல்லை. அரசு தந்த பணத்தின் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். விண்ணப்பம்தான் தடையாக இருந்திருக்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகச் சோதனையும் இதே கதை. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு ‘நான்கு ஆண்டும் கட்டணம் இல்லை’ என்று உறுதி சொல்லும் கடிதம் போனது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை ஏற்கெனவே கிடைக்கக்கூடியதே. ஆனாலும் விண்ணப்பித்தவர்கள் 26 சதவீதத்திலிருந்து 68 ஆனார்கள்; சேர்ந்தவர்கள் 12இலிருந்து 27.

எங்களைக் கேட்டால், தோற்றுப்போன ஆய்வுகளைத்தான் முதலில் படிக்கச் சொல்வோம். குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டினால் சேர்க்கை கூடுகிறது என்று சிறிய சோதனைகள் காட்டின. அதையே எட்டு லட்சம் மாணவர்களுக்குமேல் விரித்துச் செய்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. முகம் தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்திக்கும், பள்ளியில் பழகியவர் அனுப்பும் செய்திக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

கேள்வி: ஏனுங்க, இதேபோல நம்ம கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஒருநாள் கூட்டம் போட முடியுங்களா? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?
– உதவிப் பேராசிரியர், திருப்பூர்

பதில்: முடியும். ஆனால் மண்டபத்தைப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். இந்தப் பக்கத்துக்கு ஏற்ற கேள்வி: மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள இடைவெளியில் யார் நழுவுகிறார்கள்? அந்த இரண்டு மாதத்தில்தான் பனியன் கம்பெனிச் சம்பளமும் ஸ்பின்னிங் மில் வேலையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன.

நாற்பது பேரிடம் படிவம் கொடுத்து முடிவு சொல்லிவிடாதீர்கள். விண்ணப்ப உதவி செய்தால் சேர்க்கை 60 சதவீதத்திலிருந்து 70 ஆகிறதா என்று நம்பும்படி அளக்க, உதவி பெற்ற பிரிவில் சுமார் 355 பேரும் பெறாத பிரிவில் அதே அளவும் வேண்டும். பள்ளி பள்ளியாகப் பிரித்தால் இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் முடிவெடுப்பார்கள். ஒரு கல்லூரியால் ஆகாது. நான்கைந்து கல்லூரிகள் ஒரே படிவத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் முதல் வேலையே இந்தப் பொதுப் படிவம்தான்.

பெரும்பாலும் கெடுவது, பிள்ளைகள் சேர்ந்தார்களா என்று கேட்கும் ஆகஸ்ட் மாதத் தொலைபேசி அழைப்பில். மே மாதம் தந்த எண் ரீசார்ஜ் தீர்ந்து செத்திருக்கும். எடுத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்தவர்களாகவே இருப்பார்கள், அதனால் சேர்க்கை பொய்யாகக் கூடித் தெரியும். ஆளுக்கு இரண்டு எண், அதில் ஒன்று பக்கத்து வீட்டினுடையது, என்று வாங்கிவையுங்கள். எடுக்காதவர்களில் பத்துக்கு ஒருவர் வீட்டுக்காவது நேரில் போங்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆதார் எண்ணைக் கேட்கவே வேண்டாம், ஆய்வுக்கு அது தேவைப்படாது.

கூட்டத்தை செப்டம்பரில் வைத்தால் சேர்க்கை ஓய்ந்திருக்கும், பருவத் தேர்வும் தொடங்கியிருக்காது. கட்டுரைச் சுருக்கங்களை மே மாதக் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள். ஒரு கட்டுரைக்கு 15 நிமிடம், அதன் மீதான விவாதத்துக்கு 10 நிமிடம். கல்லூரி உதவித்தொகைப் பிரிவு எழுத்தர், இ-சேவை மைய ஊழியர், வங்கிக் கல்விக்கடன் அலுவலர் மூவரையும் மேடையில் ஏற்றுங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கும் நேரத்தை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் கூடப் படிக்கிறவங்களுக்கெல்லாம் வருது, இவளுக்கு மட்டும் வரலைங்க.
– விசைத்தறித் தொழிலாளி, பள்ளிபாளையம்

பதில்: வங்கிக் கணக்கில் ஆதாரைச் ‘சேர்த்தது’ வேறு, அரசுப் பணம் வருவதற்காக அதே கணக்கை ஆதாருடன் ‘சீடிங்’ செய்தது வேறு. மகளுக்கு இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக சீடிங் செய்த கணக்குக்கே பணம் போகும். பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கிலோ அஞ்சலகக் கணக்கிலோ பணம் சேர்ந்துகொண்டிருக்கலாம். மை ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். எந்த வங்கி என்று காட்டும். அது சரியாக இருந்தால், கல்லூரியில் இத்திட்டத்தைப் பார்க்கும் ஆசிரியரிடம் யுமிஸ் எண்ணையும் (கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளத்தில் தரப்படும் எண்) பெயர் எழுத்துகளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், சான்றிதழில் பின்னால் என்றிருந்தால்கூட விண்ணப்பம் தடைபடலாம். வேறு உதவித்தொகை வாங்குவதால் இந்த ஆயிரம் நிற்காது.

கேள்வி: அண்ணன் பி.காம். முடித்துவிட்டான். எனக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டா?
– மாணவன், தாராபுரம்

பதில்: இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போங்கள். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது.

கேள்வி: நாலு லட்சம் கல்விக் கடனுக்குத் தோட்டத்துப் பத்திரம் கேட்கிறாங்க. கொடுக்கிறதுங்களா?
– மஞ்சள் விவசாயி, மொடக்குறிச்சி

பதில்: கொடுக்க வேண்டாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். 4 லட்சம் வரை கையிலிருந்து முன்பணமும் போட வேண்டியதில்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் வங்கி தயங்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாமல் இணையவழியில் விண்ணப்பித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள தொழிற்படிப்பாகவும் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் வட்டி மானியம் உண்டு. அதற்கான வருமானச் சான்றைக் கடன் விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.