சீட்டு வாங்க வேண்டாம், சீட்டைப் பார்க்கவும் முடியாது

கேள்வி: ஜூலையில் மகனிடம் அமெரிக்கா போகிறோம், நடுவில் நான்கு நாள் லாஸ் வேகாஸ். டிவியில் காட்டுகிறார்களே, வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் என்கிற சீட்டாட்டப் போட்டித் தொடர், அதை நேரில் பார்க்க முடியுமா? டிக்கெட் எவ்வளவு? பதினாறு வயதுப் பேரனும் வருகிறான்.
- பழைய ரம்மிப் பிரியர், திருச்சி

பதில்: டிக்கெட்டே கிடையாது சார், சும்மா நடந்து போய்ப் பார்க்கலாம். இப்போது ஹார்ஸ்ஷூ என்று பெயர் மாறியிருக்கிற ஹோட்டலிலும் அதை ஒட்டியுள்ள பாரிஸ் என்ற ஹோட்டலிலும் 2022 முதல் நடக்கிறது. பேரனை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தில் சூதாட்டக் கூடத்தில் நிற்கவே 21 வயது ஆகியிருக்க வேண்டும், பையனைத் திருப்பி அனுப்பிவிட்டால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் என்ன ஆட்டம் பார்ப்பது?

ஆனால் டிவியில் பார்த்ததை அங்கே எதிர்பார்க்காதீர்கள். டிவியில் ஒவ்வொருவரிடமும் என்ன சீட்டு என்று நமக்குத் தெரியும், இவன் ஒன்றுமில்லாமல் மிரட்டுகிறான், அவன் நல்ல ஜோடியை வைத்துக்கொண்டு நடுங்குகிறான் என்று சோபாவில் சாய்ந்தபடி சிரிக்கலாம். நேரில் தெரிவது சீட்டின் முதுகு மட்டும்தான். கேமரா மேசையில் சீட்டுக்குள்ளேயே மின்னணுச் சில்லு வைத்திருப்பார்கள், மேசை அதைப் படித்துவிடும், ஆனால் ஒளிபரப்பை வேண்டுமென்றே தாமதமாக விடுவார்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் நிற்கிற மச்சான் கண்ணைக் காட்டிவிட மாட்டாரா? இதற்கு முன்னோடியான, சீட்டு காட்டும் கேமராவுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ஓரென்ஸ்டீன், நாஜி முகாம்களில் உயிர் தப்பி வந்து பொம்மைத் தொழிலில் சம்பாதித்தவர். 1990களில் அவர் அதை யோசிக்கும்வரை டிவியில் பார்த்தாலும் இதே அலுப்புதான்.

அதனால் கேமரா மேசைக்கு முன்னால் இடம் பிடிக்க அலையாதீர்கள். ஜூலை தொடக்கத்தில் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்டின் முதல் நாட்கள் வரும், அப்போது போங்கள். நுழைவுக் கட்டணம் பத்தாயிரம் டாலர், பணம் கட்டுகிற யாரும் உட்காரலாம், எந்த நாற்காலி என்பது குலுக்கல். 2024இல் மட்டும் 10,112 பதிவுகள். பல் டாக்டர் ஒருவருக்குப் பக்கத்தில், இந்தத் தொடரில் 17 பட்டம் வென்ற, தோற்றால் வாய்விட்டுப் புலம்புவதற்கே பேர்போன ஃபில் ஹெல்முத் வந்து உட்காரலாம், நீங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாலடி தூரத்தில் நிற்கலாம். நான் போனபோது முதலில் காதில் விழுந்தது சத்தம்தான்: ஆயிரக்கணக்கான பேர் சும்மா இருக்க முடியாமல் காசு வில்லைகளை உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள், முறத்தில் புளியங்கொட்டை புடைக்கிற மாதிரி. அப்புறம் ஒருவர் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டு எதிராளியைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலின் மூடியையே திருகிக்கொண்டிருந்தார், திறக்கவும் இல்லை. எதிராளி சீட்டை வீசிவிட்டு விலகிவிட்டதால் மூடி திருகியவரிடம் என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது! ஊருக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: பார்க்கிறவர்கள் குரல் கொடுக்கலாமா, இல்லை கோயில் மாதிரி அமைதியாக நிற்க வேண்டுமா?
- வாசகி, கோவை

பதில்: முதல் நாட்களில் அமைதிதான். மிஞ்சிய சிலர் மட்டும் ஆடுகிற கடைசி மேசைக்கு வந்துவிட்டால் கல்யாண வீடு, ஆளாளுக்கு நண்பர் பட்டாளம், ஒரே நிற பனியன், கத்தல். யோசனை சொல்வதுதான் கூடாது. 2024 இறுதி ஆட்டத்தில் வென்ற ஜொனாதன் டமாயோ அவ்வப்போது எழுந்துபோய் லேப்டாப்போடு இருந்த நண்பர்களிடம் பேசிவிட்டு வந்தது பெரிய சண்டையாகி, அதன் பிறகு விதியை இறுக்கிவிட்டார்கள். சரி, இன்னொன்று, வெளியே 40 டிகிரி கொளுத்தும், ஏசி கூடத்துக்குள் பல் கிட்டிக்கும், சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.