மகளுக்கு எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி: "என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 13 வயதில் பெரியவளானாள். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. வந்தால் 15 நாள் ஆனாலும் நிற்பதில்லை. ஹீமோகுளோபின் 8.4 என்றார்கள். டாக்டர் 21 மாத்திரை உள்ள அட்டையை ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர், 'இது குழந்தை உண்டாகாமல் இருக்கப் போடுவதாயிற்றே, யாருக்கு?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கர்ப்பப்பை கெட்டுப்போகும் என்கிறார் மாமியார். இதைப் பழக்கினால் பெண்ணுக்குப் பயம் விட்டுப்போகும் என்கிறார் கணவர். மகளிடம் சத்து மாத்திரை என்று சொல்லி எட்டு நாள் கொடுத்திருக்கிறேன். நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம். கீழே நான் விரிவாகச் சொல்லப்போகும் விதிவிலக்கு உங்கள் மகளுக்குப் பொருந்தினாலொழிய, இந்த அட்டையை முடித்துவிடுங்கள். பாதியில் விட்டால் இரண்டு மூன்று நாளில் மறுபடியும் உதிரப்போக்கு தொடங்கும், 8.4 இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு 15 நாள் போக்கைத் தாங்கும் இருப்பு உடம்பில் இல்லை. முதல் இரண்டு மூன்று அட்டைகளின்போது இடையில் சிறிது கறை படுவதும் குமட்டுவதும் உண்டு. அதைக் கண்டு பயந்து பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்கும் தாய்மார்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே நேரத்தில் கொடுத்து வாருங்கள்.

அட்டையின் பெயர் கருத்தடை மாத்திரை என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் இவ்வகை மாத்திரைக்கு 1957-இல் முதன்முதலாக அனுமதி கிடைத்தது மாதவிலக்குக் கோளாறுகளுக்கான மருந்தாகத்தான். கருத்தடைக்கான அனுமதி பிறகு, 1960-இல் வந்தது. உங்கள் மகளுக்கு மாதாமாதம் கருமுட்டை வெளிவருவதில்லை. அதனால் கருப்பையின் உட்படலம் கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து, ஒரேயடியாக உதிராமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் உதிர்கிறது. மாத்திரை அந்தப் படலத்தை மெல்லியதாக வைத்து, 21 நாளுக்குப் பிறகு விடும் ஏழு நாள் இடைவெளியில் ஒழுங்காக உதிரச் செய்கிறது. அவளுக்கு அதன் வேலை அவ்வளவுதான்.

உங்கள் மாமியாரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். முதலில் வந்த மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் வரை இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். இது கருப்பையைச் சுருக்குவதும் இல்லை, கருமுட்டைகளைத் தீர்ப்பதும் இல்லை. நிறுத்திய ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் உடல் பெரும்பாலும் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்தப் பழைய நிலையே ஒழுங்கற்றதாக இருந்தால் அந்த ஒழுங்கின்மையும் கூடவே திரும்பும். பத்து வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கருத்தரிக்கத் தாமதமானால், மாத்திரைக்கு முன்பே இருந்த குறையை எல்லோரும் மறந்துவிட்டு, பழியை மாத்திரையின் மேல் போடுகிறார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றி நான் உங்களை எச்சரித்தாக வேண்டும். விரைவிலேயே யாராவது, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்" என்று சொல்வார்கள். ஸ்கேன் முடிவில் "நீர்க்கட்டிகள்" என்று வரும். அன்றிலிருந்து உங்கள் வீட்டில் தூக்கம் போய்விடும். தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். அவை கட்டிகளே அல்ல. சினைப்பையில் வளரக் காத்திருக்கும் சிறு சிறு முட்டைப் பைகள் அவை. வயதுக்கு வந்த சில ஆண்டுகளுக்கு, எந்த நோயும் இல்லாத பெண்களிடமும் அவை நிறையவே காணப்படும். அதனால்தான் வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (நீர்க்கட்டி நோய் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு) என்று முடிவு கட்டக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. இந்த வயதில் அந்த முடிவுக்கு வர இரண்டு அடையாளங்கள் சேர்ந்திருக்க வேண்டும்: ஒழுங்கற்ற மாதவிலக்கு ஒன்று, முகத்தில் முடி, கடுமையான பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோன் அதிகம் என்பது மற்றொன்று. உங்கள் மகளுக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை.

'நீர்க்கட்டி' என்ற இந்த ஒரு வார்த்தையை மூலதனமாக வைத்துப் பிழைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். மூன்று மாதத் தொகுப்புச் சிகிச்சை என்று முன்பணம் வாங்குபவர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத பொடிகளை வீட்டுக்கு அனுப்புபவர்கள், இலவச முகாம் என்று அழைத்துப் பதினாறு வயதுப் பெண்ணின் தாயிடம் "இப்போதே கவனிக்காவிட்டால் நாளைக்குக் குழந்தை பிறக்காது" என்று சொல்லி அனுப்புபவர்கள். அந்த வாக்கியத்தைப் பெண்ணின் காதுபடச் சொல்கிறார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. உங்கள் மகளுக்கு இப்போது தேவைப்படுபவை செலவு குறைந்தவை: ரத்த எண்ணிக்கை, தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்), இத்துடன் ரத்தம் உறையும் தன்மைக்கான பரிசோதனை. வயதுக்கு வந்த நாளிலிருந்தே போக்கு அதிகம் என்றால் கடைசியில் சொன்னதை விட்டுவிடக் கூடாது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகையைத் தடுப்பதற்கானது, 8.4-ஐ 12-க்கு உயர்த்த அது போதாது. தினசரி இரும்புச்சத்து எழுதப்பட்டிருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள்.

அடுத்த பொறி, மருந்துக்கடை. ஆறு மாதத்துக்கு எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வாங்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் 150-க்கு 100 இருந்தது. இடையில் ஒருவர்கூட அழுத்தம் பார்க்கவில்லை. இதே கடைகளில், கிரகப்பிரவேசத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பரீட்சைக்கும் "தள்ளிப் போடும் மாத்திரை" என்று நோரெத்திஸ்டெரோனை எண்ணிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது வேறு மருந்து. அதற்கும் ரத்த உறைவு, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. இந்த அட்டையோடு சேர்த்து அதைக் கொடுக்கவே கூடாது.

இனி அந்த விதிவிலக்கு. உங்கள் மகளுக்குத் தலைவலி வருவதுண்டா? உண்டென்றால், வலி தொடங்குவதற்கு முன் கண்ணில் என்ன நடக்கிறது என்று அவளிடமே கேளுங்கள். வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் மின்னுகின்றனவா, பார்வையில் ஒரு பகுதி மறைந்து எழுத்துகள் பாதி தெரியாமல் போகின்றனவா, ஒரு பக்கக் கையோ உதடோ மரத்துப்போகிறதா, சொல்ல வந்த வார்த்தை சிறிது நேரம் வாயில் வராமல் தடுமாறுகிறதா? இவை ஐந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்து மறைந்த பிறகு, அல்லது மறையும்போதே, தலைவலி பிடிக்கும். இதை முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி என்கிறோம். வெறும் தலைவலியும், முன்னறிகுறி இல்லாத ஒற்றைத் தலைவலியும் வேறு. அவற்றுக்காக இந்த வயதில் மாத்திரையை மறுப்பதில்லை. ஆனால் முன்னறிகுறி இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கொடுத்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடும் அபாயம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதைக் கொடுக்கவே கூடாத நிலைகளில் வைத்திருக்கிறது. பிள்ளைகள் இதை "கண்ணில் பூச்சி பறக்கிறது" என்பார்கள். நாம் பசி மயக்கம் என்றோ, போனைப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்றோ நினைத்துக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போவோம். ஆம் என்று அவள் சொன்னால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்று மருந்து இருக்கிறது. கேட்க இரண்டு நிமிடம் போதும். காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி மதியம் உள்ளே போகும் பெண்ணிடம் அந்த இரண்டு நிமிடம் செலவழிக்கப்படாத வகையில் நம் புறநோயாளர் பிரிவுகளை நடத்திவருகிறோம். ஒரு மருத்துவராக இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரத்த உறைவைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாத்திரை போடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 பேருக்கு அது வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த பழைய வகை போடுபவர்களில் 5 முதல் 7. பருவுக்கென்று விரும்பி எழுதப்படும் டிராஸ்பிரினோன், சைப்ரோடெரோன் வகைகளில் 9 முதல் 12. அட்டையின் பின்புறத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் உறைவு வந்திருந்தாலோ, மகள் காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் சத்து மாத்திரை என்று சொன்னது. இன்று இரவே அதைத் திருத்திவிடுங்கள். அட்டையின் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடும். 2016-இல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மாத்திரை போடுபவர்களிடம், அதிலும் 15 முதல் 19 வயதுப் பெண்களிடம், மனச்சோர்வுக்கான சிகிச்சை சற்று அதிகம் தேவைப்பட்டது தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. ஆனாலும் மனம் கனத்துப்போனால் அதை உங்களிடம் வந்து சொல்ல வேண்டியவள் அவள். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாதவள் எதைச் சொல்வாள்? இந்த மருந்து வேண்டுமா என்ற முடிவில் அவளுக்கும் இடம் கொடுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: ரத்தசோகைக்கு மருந்து சாப்பிடும் பெண்ணின் நடத்தை அட்டையின் பெயரால் மாறிவிடாது. அடுத்த முறை மருத்துவர் உங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசினாலோ, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தாலோ கோபப்பட வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப்போகும் எந்தப் பெண்ணுக்கும் அது வழக்கம். 18 வயது நிறையாதவர்களின் உறவு பற்றித் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை; தவறினால் ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பயத்தில் பல மருத்துவர்கள் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்பதில்லை. 2022 செப்டம்பரில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரை வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கருவுறும் முன்பே, சந்தேகத்தைக் கேட்க வரும் பிள்ளைக்கு அந்த நிழல்கூட இல்லை. பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம், அவர்களை மருத்துவரிடம் வாய்திறக்க விடாமல் செய்திருப்பதைப் பற்றி எவரும் அக்கறைப்படுவதாகத் தெரியவில்லை.

மூன்றாவது அட்டை முடியும்போது மகளோடு மருத்துவரிடம் போங்கள். போக்கு இருந்த நாட்களை அவளே நாட்காட்டியில் குறித்து வரட்டும். அன்று ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்து, சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதாமல் அடுத்த மூன்று அட்டையை நீட்டினால் கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.