முள் சிக்கினது போல இருமுகிற வாடி நாய்

கேள்வி: வவுணதீவுப் பக்கம் வேளாண்மை செய்கிறேன். யானைக் காவலுக்கு வாடியில் மூன்று நாய்கள் நிற்கின்றன. ஐந்து நாளாக ஒன்று, தொண்டையில் முள் சிக்கினது போல இருமி வெள்ளை நுரை கக்குகிறது. சோறு தின்கிறது, வாலாட்டுகிறது. நேற்று இரண்டாவதும் தொடங்கிவிட்டது. வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. மாட்டுப் பட்டிக்கும் தொற்றுமா?

பதில்: தம்பி, முதலில் ஒன்று, இனி அந்த வாய்க்குள் விரல் விடாதீர்கள். விசர் (வெறிநோய்) பிடித்த நாய்க்கும் தொண்டை மரத்து, எச்சில் விழுங்க முடியாமல் வாய் ஒழுகும், தாடை தொங்கும், குரைப்புச் சத்தம் மாறும், பார்ப்பவருக்கு எலும்பு சிக்கினது போலவே இருக்கும். உங்கள் விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, இன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நாய்க்கு விசர் ஊசி போட்ட துண்டு இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

சரி, சோறு தின்று, வாலாட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இருமுவதைப் பார்த்தால் இது பெரும்பாலும் தொற்று இருமல்தான். போர்டெடெல்லா என்ற பக்டீரியாவும் பாராஇன்புளுவென்சா போன்ற வைரசுகளும் சேர்ந்து செய்கிற வேலை. தாரா கத்துவது போல வறண்ட இருமல், கயிற்றை இழுத்துக் குரைக்கும்போது கூடும், கடைசியில் ஓங்காளித்து நுரை வரும். தொற்றி 2 முதல் 14 நாளுக்குள் தெரியும், ஆகவே மூன்றாவது நாய் இப்போது நன்றாக நின்றாலும் நம்ப வேண்டாம்.

நான் கூடப் பயப்படுவது டிஸ்டெம்பர் என்ற வைரசு நோய்க்கு. கண்ணிலும் மூக்கிலும் மஞ்சள் பச்சையாகச் சளி, காய்ச்சல், வயிற்றோட்டம், பாதம் தடித்துக் காய்வது, பிறகு வாயும் காலும் வெட்டி வெட்டி இழுப்பது. அந்த வைரசைக் கொல்ல மருந்து இல்லை, தடுப்பூசி மட்டும்தான். குட்டிக்கு 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 3 அல்லது 4 கிழமைக்கு ஒரு தரம், 16 கிழமை வரை போட வேண்டும். நம்மவர்கள் முதல் ஊசியோடு விட்டுவிடுவார்கள், அதுவும் நரி திரிகிற வட்டைக்குள் நாயை விட்டுக்கொண்டு. நரிக்கும் இந்த நோய் வரும்.

இப்போது செய்ய வேண்டியது, இருமுகிற இரண்டையும் வாடியை விட்டு வீட்டுப் பக்கம் கொண்டு வாருங்கள், மூன்றாவதைத் தனியே கட்டுங்கள். ஒரே பெயின்ற் வாளியில் மூன்றும் தண்ணீர் குடிப்பதை நிறுத்துங்கள், இருமும்போது தெறிக்கிற துளி மட்டுமல்ல, அந்த வாளியும் உங்கள் கையும் நோயைச் சுமக்கும். நல்ல நாய்க்கு முதலில் சோறு வையுங்கள், பிறகு இருமுகிறதுக்கு, பிறகு கை கழுவுங்கள். கழுத்துக் கயிற்றைக் கழற்றி நெஞ்சைச் சுற்றிக் கட்டினால் இருமல் கொஞ்சம் அடங்கும். நுளம்புக்குப் போடுகிற புகைக்குப் பக்கத்தில் படுக்க விடாதீர்கள், மாரி ஈரத்திலும் விடாதீர்கள்.

பனடோல், பிள்ளைகளின் இருமல் பாணி, மாட்டுக்குப் போட்டு மிஞ்சின ஊசி மருந்து, இவை ஒன்றும் வேண்டாம். மாட்டு மருந்தைக் கண்ணளவில் ஏற்றி நாயைச் சாகடித்த கதை எனக்கு ஒன்றிரண்டு தெரியும். சாப்பாட்டை விட்டாலோ, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கினாலோ, மூக்கில் கெட்டிச் சளி கண்டாலோ, 10 நாள் தாண்டியும் குறையாவிட்டாலோ கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். போகுமுன் சொல்லிவிட்டுப் போங்கள், அங்கே மற்ற நாய்களோடு நிறுத்தாமல் வெளியே வைத்தே பார்ப்பார்.

மாட்டுப் பட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த இருமல் மாட்டைப் பிடிக்காது, டிஸ்டெம்பரும் பிடிக்காது. விசர் மட்டும் மாட்டையும் விடாது, மனிதனையும் விடாது, அதற்காகத்தான் முதலில் விரலைப் பற்றிச் சொன்னேன். இருமல் நின்ற நாயும் இன்னும் சில கிழமை கிருமியைப் பரப்பும், நின்ற மறுநாளே பக்கத்து வாடி நாய்களோடு காவலுக்கு விட்டுவிடாதீர்கள்.