முதல் தகவல்

அண்ணா,

என்னுடைய தம்பி ஒரு தொலைக்காட்சிக்குக் கிளிநொச்சியிலிருந்து செய்தி அனுப்புகிறான். மாகாண சபைத் தேர்தல் வந்தால் கேட்கச் சொல்லி ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே புளுகம். எனக்கு அரைமனது. "கேரளத்தில் வீணா ஜோர்ஜ் தொலைக்காட்சியில் இருந்து போய்த்தானே மந்திரியானவர்" என்கிறான். செய்தியாளர் அரசியலுக்குப் போவது சரியா? நீங்களும் அந்த வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, மாங்குளம்

அன்புள்ள தங்கச்சி,

பிழை ஒன்றும் இல்லை. வாத்திமாரும் சட்டத்தரணிகளும் போகலாமென்றால் செய்தியாளர் மட்டும் என்ன பாவம் செய்தார்? ஆனால் தம்பி அந்தக் கதையில் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறான்.

அவன் சொன்ன பாதி இது. வீணா ஜோர்ஜ் பௌதிகவியல் படித்தவர். கைரளி, மனோரமா, இந்தியாவிஷன், ரிப்போர்ட்டர் என்று பல மலையாளத் தொலைக்காட்சிகளில் இருந்தவர். 2016இல் மார்க்சிஸ்ட் கட்சி அவரை ஆறன்முளையில் நிறுத்தியது. 7,646 வாக்கு வித்தியாசத்தில் வென்று சட்டசபைக்குப் போனார். 2019இல் பத்தனம்திட்டாவில் பாராளுமன்றத் தேர்தல் கேட்டுத் தோற்றார். 2021இல் மறுபடி ஆறன்முளையில் வென்று, மே மாதம் சுகாதார அமைச்சரானார்.

மற்றப் பாதி 2025 ஜூலை 3ஆம் திகதி. கோட்டயம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பழைய கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாவனையில் இல்லாத கட்டடம் என்று அமைச்சர்கள் முதலில் சொன்னார்கள். சொன்னவர்களில் வீணா ஜோர்ஜும் ஒருவர். உள்ளே ஒரு தாய் கிடந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த மகளுக்குத் துணையாக வந்தவர். அவரை வெளியே எடுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேலானது, உயிர் இல்லை. அமைச்சர் பதவி விலகவேண்டும் என்று எதிர்க்கட்சிகள் தெருவில் இறங்கின. தனக்கு முதலில் கிடைத்த தகவலைத்தான் சொன்னதாக அவர் பிறகு விளக்கம் தந்தார். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. அவர் நிருபராக அங்கே போயிருந்தால், அந்தத் தகவலை வைத்துக்கொண்டு இன்னும் நாலு பேரிடம் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. 2018 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். "கீழ்ப்பக்கச் சனம் எல்லாரையும் ஏத்தியாச்சு" என்று ஒரு அதிகாரி இரவு போனில் சொன்னார். நானும் அப்படியே கொழும்புக்கு அனுப்பினேன், செய்தியில் ஓடியது. விடிய மோட்டார் சைக்கிளை ரோட்டில் விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனால், ஒரு ஆச்சி உழவு மிஷின் பெட்டிக்கு மேலே, மடியில் ஆட்டுக்குட்டியோடு இருக்கிறார். "கனடாவில இருந்து மகள் எடுத்தவள் தம்பி. எங்களை ஏத்தினதெண்டு டிவியில சொன்னதாம். எங்க ஏத்தினது? இந்தப் பெட்டியிலயோ?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? கமராவைப் போடவும் வெட்கமாக இருந்தது. மத்தியானத்துக்குள் திருத்தம் அனுப்பினேன். ஆச்சியையும் அயலில் இருந்த மூன்று குடும்பங்களையும் பொழுதுபட முன்பே படகில் கொண்டுபோனார்கள்.

நிருபர் பிழைவிட்டால் அப்படித் திருத்தம் போடலாம். அமைச்சர் "உள்ளே ஆள் இல்லை" என்றால் தேடுகிறவனின் கை தளர்ந்துவிடும். அதிகாரி சொல்வதை நம்பாமல் இருப்பதுதான் தம்பிக்கு இப்போது சோறு போடுகிற வேலை. பதவிக்குப் போனால் காலை எழும்பியதிலிருந்து அதிகாரிகள் சொல்வதைக் கேட்டுத்தான் பேசவேண்டி வரும். அங்கேயும் அந்தச் சந்தேகக் குணத்தை விடாமல் வைத்திருப்பானா என்று அவனுக்கே தெரியாது. அதனால்தான் உங்கள் அரைமனது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே வெள்ளத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆச்சியின் கேள்வியைக் கேட்கவென்று ஒரு மாகாண சபை உறுப்பினரைத் தேடினேன். சபையே இல்லை. 2013இல் தெரிவான 38 பேர் கொண்ட வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருடமே பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையில் நடத்தச் சட்டம் இடம் விடவில்லை, புதிய முறையில் நடத்த எல்லை இல்லை. இதற்குள் தேர்தல் அங்கேயே மாட்டிக்கொண்டது. 2018 ஓகஸ்டில் பம்பை ஆறு பெருகி ஆறன்முளை மூழ்கியபோது அந்தச் சனத்துக்குத் திட்டவாவது ஒரு எம்எல்ஏ இருந்தார். அது வீணா ஜோர்ஜேதான். நான்கு மாதம் கழித்து எங்களுக்கு ஆளுநர் மட்டும்தான்.

ஆகவே தம்பி இன்றைக்கே முடிவெடுக்கத் தேவையில்லை. அந்தக் கட்சிக்காரர் இனி வந்தால், தேநீர் கொடுத்து இருத்திவிட்டு, தேர்தல் எந்தத் திகதி என்று தம்பியையே கேட்கச் சொல்லுங்கள். கமராவைப் போட்டுக்கொண்டு கேட்கட்டும்.

அன்புடன்,
அண்ணா